ஜூனில் ஐந்து பெயர், நவம்பரில் ஒரே பெயர்: அமெரிக்க நகரங்களில் தேர்தல் முறையை மாற்றுவது யார் கையில்?

2025 ஜூன் 24 அன்று நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், நடந்தது. வாக்காளர்கள் ஐந்து பேர் வரை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தினார்கள். முதல் விருப்பங்களை மட்டும் எண்ணியபோது ஸோரான் மம்தானி 44 சதவீதத்தைத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த இறுதி எண்ணிக்கையில் அவருக்கு 56, ஆண்ட்ரூ குவோமோவுக்கு 44. நவம்பரில் அதே இருவர் மறுபடி மோதினார்கள், குவோமோ இந்த முறை சுயேச்சை. ஆனால் வாக்குச்சீட்டில் மேயருக்கு ஒரே ஒரு வட்டத்தைத்தான் நிரப்ப முடிந்தது. வரிசை எங்கே போனது?

போகவில்லை, நவம்பருக்கு அது வரவே இல்லை. 2019-ல் நியூயார்க் மக்கள் 73 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து நிறைவேற்றிய தேர்தல் விதித் திருத்தம், நகரப் பதவிகளுக்கான பிரைமரிக்கும் சிறப்புத் தேர்தலுக்கும் மட்டுமே பொருந்தும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021 ஜூனில் மேயர் பிரைமரி நடந்த அதே நாளில் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கான பிரைமரியும் நடந்தது. அது மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் பதவி என்பதால் அதற்கு வரிசை கிடையாது. ஆல்வின் பிராக் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு வென்றார். ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, இரண்டு முறை.

இந்த வினோதத்தைப் புரிந்துகொண்டால், அமெரிக்க நகரங்களில் இம்முறைக்காக உள்ளூரில் இயக்கம் நடத்துபவர்கள் எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதும் புரியும். முறையின் கணக்கு எளிது. நகரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அனுமதிகள்தான் சிக்கல்.

## முதலில், முறை என்ன?

ஆங்கிலத்தில் 'ரேங்க்டு சாய்ஸ் வோட்டிங்' என்பதை இங்கே விருப்ப வரிசை வாக்கு என்று சொல்லிக்கொள்வோம். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பதவிக்கு எண்ணிக்கை இப்படி நடக்கும்:

1. எல்லாச் சீட்டுகளிலும் முதல் விருப்பம் எண்ணப்படும். யாருக்காவது பாதிக்கு மேல் கிடைத்தால் அங்கேயே முடிந்தது.
2. கிடைக்காவிட்டால் கடைசி இடத்தில் இருப்பவர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள் ஒவ்வொன்றும், அதில் அடுத்ததாக எழுதப்பட்டுள்ள வேட்பாளருக்குப் போகும்.
3. ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.
4. ஒரு சீட்டில் எழுதிய எல்லோரும் நீக்கப்பட்டுவிட்டால் அந்தச் சீட்டு 'தீர்ந்துபோன' சீட்டு. அடுத்த சுற்றில் அது கணக்கில் இல்லை.

நான்காவது விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் அதில்தான் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயம் இல்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இப்படித்தான் முன்னுரிமை எண் போடுகிறார்கள். 1969-ல் வி.வி.கிரி இரண்டாவது முன்னுரிமை வாக்குகளின் துணையோடுதான் வென்றார். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாசவுக்கு 32.76 சதவீதமும் கிடைத்தன. யாரும் பாதியைத் தொடாததால் நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. ஒரு வித்தியாசம்: இலங்கையில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே அடியாக நீக்கிவிடுவார்கள். அமெரிக்க நகரங்களில் பொதுவாகக் கீழிருந்து ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டு வருவார்கள். (இலங்கை நாடாளுமன்றத் தேர்தலின் 'விருப்பு வாக்கு' வேறு விஷயம். கட்சிப் பட்டியலுக்குள் ஆளைத் தேர்வது அது.)

## நகரங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது?

லட்சியப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பல நகரங்களில் இதற்குக் கதவைத் திறந்தது செலவுக் கணக்கு. யாருக்கும் போதுமான வாக்கு கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கு இடையே சில வாரங்கள் கழித்து 'ரன் ஆஃப்' எனப்படும் மறுதேர்தல் நடத்துவது பழைய வழக்கம். நியூயார்க்கில் 2013-ல் 'பப்ளிக் அட்வகேட்' என்ற பதவிக்கு அப்படி ஒரு மறுதேர்தல் நடந்தது. செலவு சுமார் 1.3 கோடி டாலர். அந்த அலுவலகத்தின் ஓர் ஆண்டு பட்ஜெட்டே அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது! வாக்களிக்க வந்தவர்களும் மிகச் சிலர். குதிரை விலையைவிடக் கடிவாளத்தின் விலை ஐந்து மடங்கு என்றால் வரி கட்டுபவருக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

சான் பிரான்சிஸ்கோவிலும் நவம்பர் தேர்தலுக்குப் பிறகு டிசம்பரில் மறுதேர்தல் வரும். 2002 மார்ச்சில் மக்கள் அதை ஒழித்து விருப்ப வரிசைக்கு ஒப்புதல் தந்தார்கள், 2004-ல் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. மினியாபொலிஸில் இதனால் முதற்கட்டத் தேர்தலே காணாமல் போனது.

இரண்டாவது காரணம் 'வாக்குப் பிரிப்பு'. ஒரே மாதிரியான இருவர் நின்று வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, பெரும்பான்மைக்குப் பிடிக்காத மூன்றாமவர் உள்ளே நுழைவது நமக்கும் தெரிந்த கதைதான். 2010-ல் ஓக்லாந்து மேயர் தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். முதல் சுற்றில் டான் பெராட்டா சுமார் 34 சதவீதம், ஜீன் குவான் 24 சதவீதத்துக்குச் சற்று மேல். அதிக வாக்கு வாங்கியவருக்கே பதவி என்ற முறையாக இருந்தால் அவ்வளவுதான், பெராட்டா மேயர். ஆனால் குவான் மற்ற வேட்பாளர்களின் ஆதரவாளர்களிடமும் போய், என்னை இரண்டாவதாகவாவது போடுங்கள் என்று கேட்டிருந்தார். பத்துச் சுற்று எண்ணி முடித்தபோது குவான் நூலிழையில் வென்றார். 2025-ல் நியூயார்க்கில் மம்தானியும் இன்னொரு வேட்பாளரான பிராட் லேண்டரும் ஒருவரை ஒருவர் இரண்டாவதாகப் போடச் சொன்னதும் இதே கணக்கில்தான்.

## நகரம் தானே முடிவு செய்துகொள்ளலாமா?

புதிதாக இறங்கும் ஆர்வலர்கள் பெரும்பாலும் வாக்காளரிடமிருந்து தொடங்குகிறார்கள். துண்டுப் பிரசுரம், பூங்காவில் ஐஸ்கிரீம் வகைகளை வரிசைப்படுத்தும் மாதிரித் தேர்தல், கையெழுத்து வேட்டை. இவையெல்லாம் வேண்டியவைதான், ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகரம் என்ற அமைப்புக்குத் தனி உரிமை எதுவும் சொல்லப்படவில்லை. நகரம் என்பது மாநிலத்தின் படைப்பு. மாநிலம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுதான் அதற்கு அதிகாரம். சில மாநிலங்கள் நகரத்துக்குச் சொந்தமாக ஒரு 'சார்ட்டர்' எழுதிக்கொள்ள இடம் தருகின்றன. இதை நகரச் சாசனம் என்று சொல்லலாம், ஊரின் அரசியல் சட்டம் போல. இந்தத் தன்னாட்சிக்கு அங்கே 'ஹோம் ரூல்' என்று பெயர். மாநிலத்துக்கு மாநிலம் இது எப்படி மாறுகிறது பாருங்கள்:

1. கலிபோர்னியாவில் சாசனம் உள்ள நகரங்கள் இம்முறையை ஏற்கலாம். பொதுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மற்ற நகரங்களுக்கு முடியாது. அவற்றுக்கும் அனுமதி தரும் மசோதாக்களை 2016-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுனும், 2019-ல் ஆளுநர் கேவின் நியூசமும் நிராகரித்தார்கள். இருவருமே ஜனநாயகக் கட்சி. இது ஒரு கட்சியின் சீர்திருத்தம் என்று நினைப்பவர்கள் கவனிக்க.
2. மிச்சிகனில் பெர்ண்டேல் நகர மக்கள் 2004-லேயே ஒப்புதல் தந்தார்கள். ஆன் ஆர்பர் 2021-ல், கலமசூ, ராயல் ஓக், கிழக்கு லான்சிங் 2023-ல். மாநிலம் அனுமதித்தால் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனைதான் இவற்றின் நிலைமை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, தேதிதான் வரவில்லை என்பது போல.
3. யூட்டா தலைகீழ். 2018-ல் மாநிலமே ஒரு சோதனைத் திட்டச் சட்டம் போட்டு, விரும்பும் நகராட்சிகள் சேரலாம் என்றது. 2019-ல் பேசன், வைன்யார்ட் என்ற இரண்டு ஊர்கள் மட்டும் முயன்று பார்த்தன, 2021-ல் 23 ஊர்கள். குடியரசுக் கட்சி ஆளும் மாநிலம் இது.
4. முழுத் தடை. 2022-ல் டென்னசி, புளோரிடா. அதன்பின் ஐடஹோ, மொன்டானா, தெற்கு டகோட்டா, அலபாமா, கென்டக்கி என்று வரிசை நீண்டு, 2024 முடிவதற்குள் தடை போட்ட மாநிலங்கள் பத்தைத் தாண்டிவிட்டன.

ஆகவே ஊரில் முதல் கூட்டம் போடும் முன்பு ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து மாநிலத் தேர்தல் சட்டத்தையும் நகரச் சாசனத்தையும் வரி வரியாகப் படிப்பதுதான் முதல் வேலை. சலிப்பான வேலை, யாரும் புகைப்படம் எடுக்க மாட்டார்கள்.

## அனுமதி இருந்தால், கேள்வி எப்படி வாக்குச்சீட்டுக்கு வரும்?

மூன்று வழிகள். மாமன்றம் தானே தீர்மானம் போட்டுக் கேள்வியை மக்கள் முன் வைக்கலாம். சாசனத்தை ஆராயும் ஆணையம் பரிந்துரைக்கலாம், நியூயார்க்கில் 2019-ல் நடந்தது இதுதான். இரண்டும் நடக்காவிட்டால் மக்களிடம் கையெழுத்து வாங்கி மனுவாகக் கொடுக்கலாம். சில ஊர்களில் நான்காவதாக ஒன்று: மினசோட்டாவின் செயின்ட் லூயிஸ் பார்க்கில் 2018-ல் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமலே மாமன்றம் சாசனத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்டது.

மனு வழி கேட்க வீரமாக இருக்கும். நடைமுறையில் ஏற்கெனவே வென்று உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர்களில் சிலரையாவது பக்கம் இழுக்காமல் இது நிலைப்பதில்லை. தான் வென்று வந்த முறையை மாற்றச் சொல்லி அவரிடமே கேட்கிறோம் என்பதை நினைவில் வைத்துப் பேச வேண்டும்.

## மினியாபொலிஸ்: படிப்படியாக ஒரு வெற்றி

மினியாபொலிஸில் 2006 நவம்பரில் சுமார் 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். உடனே வழக்கு வந்தது. எதிர்த்தரப்பின் கையில் ஒரு பழைய ஆயுதம் இருந்தது. 1915-ல் டுலூத் நகரம் வைத்திருந்த ஒருவகை விருப்ப வாக்கு முறையை மினசோட்டா உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்திருந்தது. டுலூத்தில் இருந்த முறையில் ஒருவருடைய இரண்டாம் விருப்பம், அவருடைய முதல் விருப்பத்தோடு சேர்த்தே எண்ணப்படும். ஆக ஒரே ஆளின் இரண்டு வாக்கு ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கும். புதிய முறையில் எந்தச் சுற்றிலும் ஒரு சீட்டுக்கு ஒரே வாக்குதான். இந்த வேறுபாட்டை ஏற்று 2009-ல் அதே நீதிமன்றம் மினியாபொலிஸ் முறை செல்லும் என்றது. தொண்ணூறு ஆண்டு பழைய தீர்ப்பைப் புரட்டிப் பார்க்காமல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே ஆண்டு தேர்தல். வரிசையை எண்ணும் இயந்திரம் நகரத்திடம் இல்லை, அதனால் கையால் எண்ணினார்கள். 2013-ல் வேறு தலைவலி. மேயர் பதவிக்கு மனுத்தாக்கல் கட்டணம் வெறும் 20 டாலர். 35 பேர் நின்றார்கள். பெட்சி ஹாட்ஜஸ் வென்றதாக அறிவிக்க 33 சுற்றுகள், இரண்டு நாள். பிறகு கட்டணத்தை 500 டாலராக உயர்த்தினார்கள். முறையின் கோளாறு என்று பழி போடப்பட்டதில் பாதி, உண்மையில் அந்த 20 டாலரின் கோளாறு.

பக்கத்து ஊரான செயின்ட் பால் 2009-ல் ஏற்றது, புளூமிங்டனும் மினடோங்காவும் 2020-ல். பக்கத்து ஊரில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு சம்மதம் வாங்குவது எளிது.

## வென்றும் வராத ஊர்கள்

டென்னசியின் மெம்ஃபிஸ் 2008-ல் சுமார் 71 சதவீத ஆதரவோடு ஏற்றது. இயந்திரத்தால் முடியாது என்றார்கள் தேர்தல் அலுவலகத்தில். ஆண்டுகள் ஓடின. கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) புதிய தேர்தல் நிர்வாகி முடியும் என்றபோது, மாநில அதிகாரி சட்டத்தில் இடமில்லை என்றார். 2018-ல் மாமன்றமே இதை நீக்கிவிடலாமா என்று மக்களிடம் கேட்டது, மக்கள் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். 2022 பிப்ரவரியில் மாநிலம் தடைச் சட்டம் போட்டது. இரண்டு முறை மக்கள் சொல்லியும் ஒரு தேர்தல்கூட அந்த முறையில் நடக்கவில்லை.

நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரமும் அதே 2008-ல் 65 சதவீதத்தோடு ஏற்றது. ஆனால் திருத்தத்தில் ஒரு சின்ன வாசகம்: நியாயமான விலையில் மென்பொருள் கிடைத்தவுடன் நடைமுறைக்கு வரும். 'நியாயமான விலை' எது, 'கிடைத்தவுடன்' என்றால் எப்போது? பத்து ஆண்டு அந்த வாசகத்துக்குள்ளேயே போயிற்று. மென்பொருள் வந்த பிறகும் மாமன்றம் தள்ளிப்போட, சில குடிமக்கள் நீதிமன்றம் போய், 2018 மார்ச் தேர்தலில்தான் முதல் வரிசை வாக்கு விழுந்தது.

இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். சாண்டா ஃபேயில் மாநிலம் எதிராக இல்லை, அதனால் நீதிமன்றத்துக்குப் போனபோது ஒரு பலன் இருந்தது. மெம்ஃபிஸில் மேலே உள்ள கதவே பூட்டப்பட்டது.

## எண்ணுபவர் யார்?

நகரம் முறையை மாற்றுகிறது, ஆனால் பல இடங்களில் எண்ணுவது கவுண்டி அலுவலகம். அந்த அதிகாரி எந்தப் பிரசாரத்திலும் இல்லாதவர், நாளைக்கு ஏதாவது தவறினால் பழி அவர் தலையில்தான்.

2021 ஜூன் 29 அன்று நியூயார்க் தேர்தல் வாரியம் வெளியிட்ட முதல் சுற்றுவாரி முடிவில், ஒத்திகைக்காகப் போட்டிருந்த சுமார் 1,35,000 மாதிரிச் சீட்டுகளும் கலந்திருந்தன. சில மணி நேரத்தில் அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். அது முறையின் பிழை அல்ல, கணினியைச் சுத்தம் செய்யாத பிழை. ஆனால் தெருவில் யார் அந்த வித்தியாசம் பார்ப்பார்கள்?

2022-ல் ஓக்லாந்தில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. சிலர் முதல் இடத்தைக் காலியாக விட்டு இரண்டாவது இடத்திலிருந்து பெயர் குறித்திருந்தார்கள். விதிப்படி இரண்டாவதை முதலாவதாக மேலேற்றி எண்ண வேண்டும். கவுண்டியின் மென்பொருள் அமைப்பு அந்தச் சீட்டுகளை முதல் சுற்றில் ஒதுக்கிவிட்டது. விளைவு, பள்ளி வாரியத்தின் ஓர் இடத்துக்குத் தவறான ஆள் வென்றதாகச் சான்றளிக்கப்பட்டது. சீட்டுகளின் மூலத் தரவைத் தாங்களாகவே எடுத்து எண்ணிப் பார்த்த வெளியாட்கள் பிழையைக் கண்டுபிடித்து, பிறகு நீதிமன்றம் வரை போய் முடிவு மாறியது. பழைய முறையில் இப்படி வெளியாள் முழுத் தேர்தலையும் மறுபடி எண்ணிப் பார்ப்பது அபூர்வம். ஒவ்வொரு சீட்டின் வரிசையையும் பெயரில்லாமல் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதைத் திருத்தத்திலேயே எழுதி வைப்பது நல்லது என்பேன்.

## எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு?

கொஞ்சம் இருக்கிறது. முதலில் தீர்ந்துபோன சீட்டு. 2021 நியூயார்க் பிரைமரியில் எரிக் ஆடம்ஸ், கேத்ரின் கார்சியாவை வென்ற வித்தியாசம் 7,197 வாக்குகள். கடைசிச் சுற்றுக்கு முன்பே தீர்ந்துபோன சீட்டுகள் சுமார் 1,40,000. எனவே 'பெரும்பான்மை' என்பது மிச்சமிருந்த சீட்டுகளில் பெரும்பான்மை. இதை மறைத்துப் பிரசாரம் செய்பவர்கள் தங்களுக்கே குழி தோண்டுகிறார்கள். மறுதேர்தல் முறையில் இரண்டாம் முறை வராமலே போகிறவர்கள் பெரும்பாலும் இதைவிட அதிகம் என்பதுதான் நேர்மையான பதில்.

அடுத்தது வெர்மான்ட்டின் பர்லிங்டன். 2009 மேயர் தேர்தலில் மூவர் மிஞ்சிய சுற்றில் நிலை இது: கர்ட் ரைட் 3,294, பாப் கிஸ் 2,981, ஆண்டி மான்ட்ரோல் 2,554. மான்ட்ரோல் நீக்கப்பட்டார். இறுதியில் கிஸ் 4,313, ரைட் 4,061. முதல் சுற்றிலிருந்து முன்னால் நின்ற ரைட் தோற்றார். அதோடு போகவில்லை. பின்னர் சீட்டுகளை அலசியபோது, மான்ட்ரோலைத் தனித்தனியாக யாரோடு மோதவிட்டாலும் அவரே வென்றிருப்பார் என்று தெரிந்தது. நடுவில் நிற்பவர், எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர், முதல் விருப்பம் குறைவு என்பதால் வெளியே போய்விட்டார். இது கணிதத்தில் தெரிந்த குறை, இல்லை என்று சொல்வதில் பயனில்லை. 2010 மார்ச்சில் பர்லிங்டன் மக்கள் நூலிழையில் முறையை நீக்கினார்கள்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1975-ல் ஆன் ஆர்பரில் முதல் சுற்றில் பின்தங்கியிருந்த ஆல்பர்ட் வீலர், மூன்றாவது கட்சியின் சீட்டுகள் வந்து சேர்ந்ததும் 121 வாக்கில் மேயரானார், அந்நகரின் முதல் கறுப்பின மேயர். அடுத்த ஆண்டே முறை நீக்கப்பட்டது. ஆக ஒரு நகரத்தில் இம்முறைக்கு ஆபத்தான நாள், முதல் சுற்றில் முந்தியவர் முதன்முறையாகத் தோற்கும் நாள். ஓக்லாந்து 2010-ல் அதைத் தாண்டியது. தாண்டாத ஊர்களில் அமைப்பாளர்கள் வெற்றி கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள் என்பது என் ஊகம். இப்படி நடக்கலாம், நடந்தால் அது ஏன் சரி என்று தேர்தலுக்கு முன்பே ஊருக்குச் சொல்லி வைக்க ஆள் வேண்டும்.

2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் ஆகிய நான்கு மாநிலங்களில் மாநில அளவிலான திட்டங்கள் தோற்றன. அதே நாளில் வாஷிங்டன் டி.சி. வாக்காளர்கள் சுமார் 73 சதவீதம் ஆதரித்தார்கள். ஓரிகன் மாநிலம் வேண்டாம் என்ற அன்றுதான், அதே மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் 2022-ல் ஏற்ற புதிய சாசனப்படி முதல்முறையாக விருப்ப வரிசையில் மேயரையும் 12 மாமன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தது. பர்லிங்டனும் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் அவசரப்படாமல். 2021-ல் மாமன்ற இடங்களுக்கு மட்டும் கேட்டார்கள், 64 சதவீதம் சரி என்றது. மேயர் பதவிக்கான கேள்வியை இரண்டு ஆண்டு கழித்து, 2023-ல்தான் வைத்தார்கள்.